நூற்று இருபத்தெட்டுப் பக்கத்தில் நீ இல்லாத காரணம்

அல்சூர், பெங்களூர் – 8
செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் திரு. சின்னப்பா அவர்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் பக்தவச்சலம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் அக்கா கிருஷ்ணம்மாளும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நாற்பது நாளாக என்னிடம் அவள் பேசுவது "சாப்பாடு வெச்சாச்சு" என்ற ஒரே வாக்கியம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாங்களும் தங்கள் மனைவி பாஞ்சாலியும் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃபில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மேற்படி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கள் அக்கா காபி டம்ளரை வைக்க வந்தவள் எட்டிப் பார்த்து, "எப்பலேர்ந்து அவன் அவர்கள் ஆனான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நாற்பது நாளில் அவள் பேசிய இரண்டாவது வாக்கியம் இது. கேள்வியும் நியாயமானதுதான். முப்பத்தெட்டு வருஷமாக மச்சான், வாடா போடா என்று பழகிவிட்டு இப்போது 'தாங்கள்' என்று எழுதினால் நீ அதற்கும் ஒரு கோபம் வைத்துக்கொள்வாய். ஆகவே இனி நீ என்றே எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் புத்தக வெளியீட்டு விழாவில், மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நீ எழுந்து வெளியே போனாய். ஒரு போண்டாகூடச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை பாஞ்சாலி எடுத்து, "அவரு இப்ப பேசற நிலைமையில இல்லண்ணா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாய், அதில் நீ இல்லை என்பதைப் பார்த்திருக்கிறாய். அது எப்படி நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லாமல் எனக்கு நிம்மதி இல்லை. பொறுமையாகப் படி.

நான் புத்தகம் எழுத ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அப்பா தங்கச் சுரங்கத்துக் கூண்டில் ஏறி முப்பது வருஷம் பூமிக்குக் கீழே போய் வந்தார். நான் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்து நாலு வருஷம் பெங்களூர்க் கட்டிடங்களில் மேலே போய் வந்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு பெட்டியில், ஒரே மாதிரி ஒரு கயிற்றை நம்பித்தான் சாப்பிட்டோம். இதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று ரிட்டயர் ஆன மறுவாரம் தோன்றியது. நாலு லாங் சைஸ் நோட்டு. தலைப்பு 'மேலும் கீழும்'. எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன் மச்சான். எழுதினது ஏழு மாசம். அதை அச்சுக்குக் கொண்டுபோனது ரெண்டு வருஷம்.

முதலில் முறைப்படி சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். எட்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் தொழில்நுட்பக் கையேடு பயனுள்ளதாக உள்ளது, படங்களும் மின்சுற்று வரைபடங்களும் சேர்த்து அனுப்பினால் ஐடிஐ மாணவர்களுக்கான வரிசையில் பரிசீலிக்கிறோம்' என்று இருந்தது. அப்பா சுரங்கத்தில் பாறை வெடித்து உள்ளே மாட்டிக்கொண்ட கதையை எழுதியிருந்தேனே, அதற்கு எந்தச் சுற்றுப்படம் போடுவது? அவர்கள் முதல் பக்கத்தில் லிஃப்ட் என்ற சொல்லைப் பார்த்ததோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று உன் அக்கா சொன்னாள். அப்போது அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு நம் சங்கமித்ரா, அவள் ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று, பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். பெற்ற மகள் அப்படிச் செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரக்ஷிதா என்று ஒரு பெண் தினம் மூன்று வேளை மாத்திரை மாதிரி போன் செய்தாள். நல்ல பெண்தான், குரலில் தேன், என்னை 'ஆத்தர் சார்' என்றே கூப்பிட்டாள். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் முதல் வாரம் நானும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசினேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று திட்டம். சில்வரில் புத்தகம் மட்டும். கோல்டில் புத்தகமும் ஆன்லைன் விளம்பரமும். பிளாட்டினத்தில் சிறந்த எழுத்தாளர் விருதும் கேடயமும், அதுவும் புத்தகம் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். விருது கொடுப்பவர்கள் புத்தகத்தைப் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். அதெல்லாம் டிலே ஆகும் ஆத்தர் சார் என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத்து தெரியாது. கதையைச் சுருக்கமாகக் கேட்டாள், லிஃப்ட், அப்பா, மகன் என்றேன். ரெண்டு நாளில் ஒரு மாதிரி அட்டைப்படம் அனுப்பினாள். வெளிநாட்டு ஓட்டலில் ஒரு லிஃப்ட். அதற்குள் கோட்டு போட்ட ஓர் ஆளும் சிவப்பு கவுன் போட்ட ஒரு பெண்ணும் ஒட்டி நிற்கிறார்கள். கீழே என் பெயர். அந்தப் படம் என் போனில் திறந்திருந்த நேரம் பார்த்து உன் அக்கா உப்பு எங்கே என்று கேட்க வந்தாள். முப்பத்து நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூட டியூட்டி என்று போனது இதற்குத்தானா என்று அவள் கேட்டதும், அன்று சாயங்காலமே ரக்ஷிதாவின் நம்பரை பிளாக் செய்ய வேண்டியதாயிற்று.

சங்கமித்ரா சளைக்கவில்லை. அப்பா, இப்பல்லாம் ஐநூறு புத்தகம் அடித்துக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டாம், கேட்கிறவர்களுக்கு ஒவ்வொன்றாக அடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்று பெயர் என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிரியாணியைத் தட்டு தட்டாகச் சமைப்பது மாதிரி. அவளே ராத்திரி பகலாக இல்லாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றி, மாதிரிக்கு ஒரு பிரதி வரவழைத்தாள். பார்சலைப் பிரித்தேன். அழகான அட்டை, வழவழப்பான தாள். உள்ளே திறந்தால் எழுத்துக்கெல்லாம் விபத்து நடந்திருந்தது. கொம்பு ஒரு பக்கம் கிடக்கிறது, கால் ஒரு பக்கம் கிடக்கிறது, நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம். 'கோலார்' என்ற சொல்லை மூன்று துண்டாக்கி மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள். அந்த மிஷினுக்கு நம் எழுத்து பழக்கமில்லை, ஃபாண்ட் தகராறு என்று மகள் சொன்னாள். அப்படியானால் தாளே வேண்டாம், போனில் படிக்கிற மாதிரி இ-புக்காகப் போட்டுவிடலாம் என்றாள். அதற்கு உன் அக்கா, "அப்ப விழாவுல எதைக் கையில தூக்கிக் காட்டறது, போனையா?" என்றாள். அதோடு அந்த யோசனை முடிந்தது.

ஃபாண்ட் தகராறு தீர்க்க ஆள் தேடித்தான் விவேக் நகருக்குப் போனேன். குழந்தை இயேசு கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஹெலன் என்று ஓர் அம்மா டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், அவரும் நம் தங்கவயல்காரர்தான், ஆண்டர்சன்பேட்டை. கல்யாணப் பத்திரிகை, நவநாள் ஜெபப் புத்தகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் தமிழில் பிழையில்லாமல் அடிப்பது அவர் ஒருவர்தான் என்றார்கள். வியாழக்கிழமை கோயில் கூட்டத்தில் கடைக்குள் கால் வைக்க முடியாது, மற்ற நாள் வாங்க என்றார். நாலு நோட்டையும் கொடுத்தேன். ஹெலன் அம்மா சும்மா அடிக்கிற ஆள் இல்லை. ஒரே விஷயத்தை ரெண்டு இடத்தில் எழுதியிருந்தால் கண்டுபிடித்து எடுத்துவிடுவார். உங்க மேனேஜரைத் திட்டி இவ்ளோ எழுதணுமா என்று கேட்டு மூன்று பக்கத்தை மூன்று வரி ஆக்கினார். ஒரு நாள் நான் புரூஃப் வாங்கப் போயிருக்கிறேன், அவர் கம்ப்யூட்டர் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அஞ்சலி கார்டு அடிக்க வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்னம்மா என்று கேட்டால், ஏழாவது அத்தியாயம் அடிக்கிறேன் என்றார். அது உன் அத்தியாயம் சின்னப்பா.

ஆமாம், இருந்தது. நாலு பக்கம். தலைப்பு 'நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே'. உனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் எம்.ஜி. ரோடு பக்கத்துக் கட்டிடத்தில் நடந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் இல்லை, என் ஹெல்பர் லீவு. லிஃப்டைச் சரிபார்க்க உள்ளே போன நான் கரண்ட் போய் நடுவிலேயே மாட்டிக்கொண்டேன். செல்போன் இல்லாத காலம். நீ அக்கா கொடுத்த சாப்பாட்டு கேரியரும் கல்யாணப் பத்திரிகையுமாக மாடி மாடியாய் மாமா மாமா என்று கத்திக்கொண்டு வந்தாய். வாட்ச்மேனை அனுப்பி இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொன்னாய். நீயே போயிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டு உனக்கு ஏதோ புரிந்துவிட்டது. இருட்டில் எனக்கு அப்பா மாட்டிக்கொண்ட ஞாபகம் வந்து கைகால் உதறுகிறது என்பதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை, இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக எழுதினேன். நீ கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து ஒரு படம் பார்த்தேன் மாமா, சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தாய். மூன்று மணி நேரம். பாட்டு, சண்டை, இடைவேளை உட்பட. இடைவேளையில் என் சாப்பாட்டையும் தின்றாய், அதையும் எழுதியிருந்தேன். அந்தப் படத்தை நானும் பார்த்துவிட வேண்டும் என்று அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தியேட்டர் தியேட்டராய் ரெண்டு வருஷம் விசாரித்தேன். அப்படி ஒரு படமே இல்லை, அங்கேயே உட்கார்ந்து நீ கட்டிவிட்டது என்று உன் கல்யாணமாகி மூன்றாம் வருஷம்தான் பாஞ்சாலி சொல்லித் தெரிந்தது. ஹெலன் அம்மா சிரித்தது அதற்குத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சின்னப்பா அண்ணன் விழாவுக்கு வருவாரா, எனக்குக் காட்டணும் என்று கேட்டார். வராமலா என்றேன்.

இப்போது அத்திபெலேவுக்கு வருகிறேன். அங்கே கோவிந்தப்பா என்று ஒருவர் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். கன்னடக்காரர், ஓசூர் வியாபாரத்தால் தமிழ் நன்றாகப் பேசுவார். விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் மண்டபம் சொல்லியாயிற்று, தலைமை தாங்கக் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற கணேசமூர்த்தி ஐயாவைக் கேட்டாயிற்று, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. கோவிந்தப்பா பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு பேஜ் ஜாஸ்தி ஆயிட்டது சார்" என்றார். ஜாஸ்தியானால் என்ன என்றேன். அவர் மேஜை மேலிருந்த பெரிய தாள் ஒன்றை எடுத்து மடித்தார், மறுபடி மடித்தார், மறுபடி மடித்தார். பிரித்துக் காட்டினால் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம். இதுதான் ஒரு ஃபாரம், புத்தகம் இந்தக் கணக்கில்தான் ஓடும், எட்டு ஃபாரம் என்றால் நூற்று இருபத்தெட்டு, உங்களுடையது நூற்று முப்பத்திரண்டு, அந்த நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஏற்றினால் பன்னிரண்டு பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கும் என்றார். அந்த வெள்ளையில் போட ஓசூர் டுடோரியல் ஒன்றின் விளம்பரமும், மூலவியாதி டாக்டர் ஒருவரின் விளம்பரமும் தன்னால் வாங்கித் தர முடியும் என்றும் சொன்னார். அப்பா சுரங்கத்திலிருந்து மேலே வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூலவியாதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுத்தைச் சின்னதாக்கலாமே என்று ஹெலன் அம்மாவுக்குப் போன் போட்டேன். படிக்கப் போறவங்க எல்லாம் உங்க வயசு ஆளுங்க, கண்ணு தெரிய வேணாமா என்று மறுத்துவிட்டார். ஆகவே நாலு பக்கம் வெட்டியாக வேண்டும். கோவிந்தப்பா பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஃபாரம் கணக்கு உன்னை வெட்டிவிட்டது, நான் என்ன செய்ய என்று எழுதி இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பொய் மச்சான்.

அப்பாவைப் பற்றிய பக்கங்களை வெட்ட முடியாது. உன் அக்காவைப் பற்றி ஐந்து பக்கம், அதை வெட்டினால் நான் வீட்டுக்குப் போக முடியாது. கடைசியில் கையில் ரெண்டே ரெண்டு நாலு பக்கம் நின்றது. ஒன்று உன் அத்தியாயம். இன்னொன்று கணேசமூர்த்தி ஐயாவின் அணிந்துரை. சரியாக நாலு பக்கம். அதில் மூன்றே கால் பக்கம் அவர் எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், எந்தெந்த மந்திரி கையால் பொன்னாடை வாங்கினார் என்று இருக்கிறது. முக்கால் பக்கம் தமிழின் பெருமை. என் பெயர் கடைசி வரியில், 'பக்தவத்சலன்' என்று. வெட்ட வேண்டியது எது என்று டீக்கடையில் நின்ற கோவிந்தப்பாவைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். ஆனால் முப்பத்து நாலு வருஷம் கையில் கிரீஸோடு திரிந்த ஆளின் எழுத்தை, முன்னால் ஒரு பேராசிரியர் பெயர் இருந்தால்தான் புத்தகம் என்று மதிப்பார்கள் என்று எனக்கு ஒரு பயம். அவரை வெட்டினால் அவர் கோபித்துக்கொள்வார், மண்டபத்துக்கு வரமாட்டார். உன்னை வெட்டினால் நீ கோபிக்க மாட்டாய், நீ நம்ம ஆள்தானே என்று நினைத்தேன். நம்ம ஆள் என்பதற்காகவே உன்னை வெட்டினேன். அதுதான் நடந்தது. கோவிந்தப்பா டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாலு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எதுவும் உருப்படவில்லை. அட்டையில் மேல் பார்த்து ஓர் அம்பு, கீழ் பார்த்து ஓர் அம்பு போட்டிருந்தோம். பைண்டிங் செய்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எது தலை எது கால் என்று புரியாமல் நாற்பது பிரதிக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். அந்தக் கட்டுதான் முதலில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. கணேசமூர்த்தி ஐயா போட்டோவுக்காகப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாரே, அட்டை நேராக இருக்கட்டும் என்று உள்ளே தலைகீழாகப் பிடித்திருந்தார். அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. பெரிய தப்பு வேறே. நான் அத்தியாயத்தை வெட்டினேனே தவிர, பொருளடக்கத்தில் அந்த வரியை வெட்ட மறந்துவிட்டேன். ஆறுக்கு அப்புறம் எட்டு வருகிறது, ஆனால் முன்னால் பட்டியலில் ஏழு தலைநிமிர்ந்து நிற்கிறது. ஐயா மைக்கைப் பிடித்ததும் பொருளடக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தி, "குறிப்பாக ஏழாவது அத்தியாயம், 'நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே'. அதைப் படித்து முடித்தபோது நான் கண்கலங்கிவிட்டேன்" என்றார். அச்சிலேயே இல்லாத அத்தியாயம். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஹெலன் அம்மா மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டுகிறார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே எழுந்து, யாரிடமும் பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தாய். மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்க வேண்டும். கழுத்தில் மாலை, பக்கத்தில் ஐயா. உட்கார்ந்துவிட்டேன்.

ஹெலன் அம்மா மறுநாள் போன் செய்து என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உன் அக்கா பேசியிருந்தாலாவது பரவாயில்லை, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆகவே இப்போது நடந்திருப்பது என்னவென்றால், ஹெலன் அம்மாவும் சங்கமித்ராவும் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கொம்பு கால் தகராறைத் தீர்த்து, பழைய பிரிண்ட் ஆன் டிமாண்டிலேயே இரண்டாம் பதிப்பு போட்டுவிட்டார்கள். நேற்றுதான் இருபத்தைந்து பிரதி வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டேன், எழுத்தெல்லாம் கைகாலோடு இருக்கிறது. அணிந்துரை நாலு பக்கம் வெளியே, நீ நாலு பக்கம் உள்ளே. மொத்தம் அதே நூற்று இருபத்தெட்டு. ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவர் கண்டுபிடிக்கப் போவதுமில்லை, அவர் புத்தகத்தைத் திறந்தால்தானே. இந்தப் பதிப்புக்கு மேடை கிடையாது, மாலை கிடையாது. நம் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அக்கா சமையல். நீ வந்து முதல் பிரதியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றதை வெளியே விடுவேன். வரமாட்டேன் என்றால் கட்டிலுக்கடியிலேயே கிடக்கட்டும்.

பாஞ்சாலிக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டில் எல்லோருக்கும் நோய் நொடி அண்டாமல், நினைத்த காரியம் நினைத்த நேரத்தில் கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வயசில் மூத்தவன் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டுவிட்டேன்.

உன் பிரியமுள்ள மாமா,
பக்தவச்சலம்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுக் கவரைத் தேடும்போது நீயே போன் செய்துவிட்டாய். இப்போதுதான் பேசி வைத்தேன். லிஃப்ட் ஏன் நின்றது என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் நான் எந்தக் கட்டிடத்தை விட்டும் போனதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். விழாவன்று நீ எழுந்து போனது ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க. மறுநாள் காலை உனக்குக் கண் ஆபரேஷன். அக்காவுக்குத் தெரிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார் என்று பாஞ்சாலி உன் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நேற்றுதான் கண்ணாடி வந்தது, புத்தகத்தை நீ இன்னும் திறக்கவே இல்லை. கோபமா, எதுக்குக் கோபம் என்று நீ கேட்கிறாய். அதோடு விட்டாயா? "பெரியவரு என் அத்தியாயத்தைப் படிச்சி அழுதாருன்னு லைன் வீடுங்க பூரா சொல்லிட்டேன் மாமா. நாளைக்கிச் சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வெச்சி நானே அதப் படிக்கப் போறேன்" என்கிறாய். நானும் படி படி என்றேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை. இந்தக் கடிதம் அலமாரிக்குப் போகிறது. நாளைக் காலை முதல் வண்டியில் இரண்டாம் பதிப்பில் ஒரு பிரதியோடு சாம்பியன் ரீஃபுக்கு வருகிறேன். கண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்வேன். நீ காபி சொல்ல உள்ளே போகும்போது புத்தகத்தை மாற்றி வைத்துவிடுவேன். உனக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

தம்பி சின்னப்பா, இது அக்கா எழுதுவது. கண்ணு ஆபரேஷனை மறைச்சதுக்கு உன்கிட்ட தனியாப் பேசிக்கறேன். உங்க மாமா குளிக்கப் போயிருக்காரு, அதுக்குள்ள அலமாரியிலேர்ந்து இதை எடுத்து அவரு கொண்டுவர்ற புத்தகத்துல ஏழாவது அத்தியாயத்துக்குள்ள வெச்சிட்டேன். அதுல உனக்கு நாலு பக்கம்தான், இதுல பதினோரு பக்கம். அவரு உன் எதுத்தாப்பலதான் உட்கார்ந்திருப்பாரு. இதப் படிச்சிட்டு நிமிர்ந்து அவரு மூஞ்சியப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு.